மணமகள் அறையில் வெள்ளை வந்த நாள்

போன மாதம் சமயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. வரிசையில் நின்று மேடையேறி, மாப்பிள்ளையின் கையைக் குலுக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டேன். என் நிழல் அதில் மூன்றாக விழுந்திருந்தது. ஒன்று மஞ்சள், ஒன்று ரோஜா நிறம், மூன்றாவது பச்சையா நீலமா என்று இன்னும் முடிவெடுக்காத ஒரு நிறம். மாப்பிள்ளையின் கையை அந்தரத்தில் விட்டுவிட்டுத் துணிப் பக்கம் திரும்பி விரல்களை ஆட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். போட்டோகிராபர் பொறுமைசாலி. "சார், மாப்பிள்ளை இந்தப் பக்கம் இருக்கார்" என்றார்.

திரும்பி வரும்போது கொள்ளிடம் பாலம் வரைக்கும் என் மனைவி பேசவில்லை. பாலத்தின் நடுவில், "அந்தத் துணியில அப்படி என்னதான் இருந்துச்சு?" என்று கேட்டாள். என் பழைய உத்தியோகம் இருந்தது என்றேன். அதற்குப் பிறகு வீடு வரைக்கும் பேசவில்லை.

உங்களிடமாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மேடையில் இருந்தவை இந்தக் காலத்து எல்.ஈ.டி. விளக்குகள். நிறம் மாறுகிறது, ஆனால் வாசனை கிடையாது. எங்கள் காலத்தில் நிறத்துக்கு வாசனை உண்டு. விளக்கின் முன்னால் கட்டுகிற கலர் ஜெலட்டின் பேப்பர் சூடேறும்போது, மிட்டாய்த் தாள் இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது மாதிரி ஒரு வாசனை வரும். அதை முகர்ந்தால் எனக்கு இன்றைக்கும் விக்கல் எடுக்கும். ஏனென்றால் பதற்றம் வந்தால் எனக்கு விக்கல் வரும், அந்த வாசனையும் பதற்றமும் என் வாழ்க்கையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவை.

திருச்சி தில்லை நகரில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தை ஒரு அறக்கட்டளை வாங்கி, குழந்தைகளுக்கான அறிவியல் கூடமாக மாற்றிக்கொண்டிருந்தது. அங்கே நான் காட்சிப்பொருள் வடிவமைப்பாளர். வீட்டில் இதைப் புரியவைக்க முடியவில்லை. அம்மா சொந்தக்காரர்களிடம் எல்லாம், "எக்ஸிபிஷன்ல வேலை" என்று சொல்லிவைத்தாள். அவர்கள் ஜெயன்ட் வீலா, அப்பளக் கடையா என்று கேட்டார்கள். பெரியப்பா ஒருவர் மட்டும் அப்பளக் கடையாகத்தான் இருக்கும் என்று கடைசிவரை நம்பினார்.

மண்டபத்துக்குப் பெயர் மாறிவிட்டதே தவிர, குணம் மாறவில்லை. மழை பெய்தால் பந்திக் கூடத்துச் சாக்கடையிலிருந்து பழைய சாம்பார் வாசனை எழும். மேடையில் மாலை தொங்கவிட்ட கொக்கியில் ஊசல் குண்டு தொங்கிற்று. மணமகன் அறையில் ஆபீஸ். மணமகள் அறையைத்தான் எனக்குக் கொடுத்தார்கள், ஒளிக்கும் நிறத்துக்குமான இருட்டறை அமைக்க. கதவின் மேல் பெயர்ப்பலகை அப்படியே இருந்தது. முதல் வாரம் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் என்னை அறியாமல் தட்டிவிட்டுத்தான் போனேன்.

திட்டம் எளியது. மூன்று விளக்கு, முன்னால் சிவப்பு, பச்சை, நீலப் பேப்பர். மூன்றும் எதிரே இருக்கும் வெள்ளைப் பலகையில் ஒரே இடத்தில் விழும். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு ஃபேன் ரெகுலேட்டர். பிள்ளைகள் தாங்களே திருகித் திருகி நிறங்களைக் கலக்கலாம். மூன்றையும் முழுசாக வைத்தால் வெள்ளை வரும். அதாவது வர வேண்டும்.

என்னோடு வேலை பார்த்தவள் பத்மா. பௌதிகம் படித்தவள். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி, அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டி மொபெட்டில் வருவாள். உற்சவ நாட்களில் தாமதமாக வந்து, பெருமாள் வழியில் எழுந்தருளியிருந்தார் என்பாள். இந்தக் காரணத்துக்கு எந்த ஆபீஸில் மெமோ கொடுக்க முடியும்? நான் பதறுவதற்கென்றே பிறந்தவன் என்றால் அவள் பதறாமல் இருப்பதற்கென்றே பிறந்தவள். "ஏன் சார் இப்படிக் கெடந்து தவிக்கறேள்?" என்பது அவள் எனக்குச் சொன்ன காலை வணக்கம்.

தவிப்புக்குக் காரணம் இருந்தது. அறக்கட்டளைத் தலைவருக்கு இருட்டறையில் நம்பிக்கை இல்லை. அவர் எங்கேயோ வெளிநாட்டில் தலையாட்டும் டைனோசரைப் பார்த்துவிட்டு வந்து, ஃபைபரில் ஒன்றைச் செய்து வரவழைத்துவிட்டார். அது தார்ப்பாய் போர்த்திக்கொண்டு பந்திக் கூடத்தில் இடத்துக்காகக் காத்திருந்தது. கண்ணில் சிவப்பு பல்பு எரியும் என்பதால் அதற்கு இருட்டு தேவை. மண்டபத்தில் இருட்டாக்க முடிந்த அறை ஒன்றே ஒன்று.

"லைட்டைப் போட்டு அணைக்கிறது எல்லார் வீட்லயும் இருக்கு தம்பி. டைனோசர் யார் வீட்ல இருக்கு?" என்றார் தலைவர்.

 பத்மாதான் வாதாடி ஒரு சமரசத்துக்குக் கொண்டுவந்தாள். திறப்பு விழாவன்று தலைவரே கையால் திருகிப் பார்ப்பார். வெள்ளை வந்தால் அறை எங்களுக்கு. வராவிட்டால் டைனோசருக்கு. டைனோசருக்கு வடிவமைப்பாளர் தேவையில்லை, ஒரு சுவிட்சு போதும் என்பதால், எனக்கும் அந்த மண்டபத்தில் அதற்குமேல் வேலை இல்லை. மதியம் சாப்பிடும்போது தார்ப்பாய்க்குக் கீழே தெரிந்த அந்தக் கால் நகங்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் நாற்காலியில் உட்காரப் போகிறவனின் நகங்கள்.

பேப்பர் வாங்க உறையூரில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடைக்குப் போனேன். திருவிழாக்களுக்கு சீரியல் செட்டும் டியூப் லைட்டும் கட்டுகிற கடை. கடைக்கார பாய் எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார். கோயிலுக்கு இல்லை, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சேர்த்து வெள்ளை கொண்டுவரப் போகிறோம் என்றேன்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "வெள்ளை வேணும்னா பேப்பர் எதுக்குங்க? பல்பை மொட்டையா எரிய விடுங்க. அதுவே வெள்ளைதானே?"

நான் நியூட்டனில் ஆரம்பித்து வானவில் வழியாக ஒரு சுற்று வந்து விளக்கினேன். முழுசாகக் கேட்டார். பேப்பரைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டு, "படிச்சவங்க செய்றதுக்கு ஏதாவது காரணம் இருக்கும்" என்றார். என்னைத்தான் சமாதானப்படுத்தினாரா, தன்னையா என்று தெரியவில்லை.

முதல் தடவை வெள்ளைக்குப் பதில் மஞ்சள் காமாலை வந்தது. நீலப் பேப்பர் வெளிச்சத்தை முக்கால்வாசி விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் வெளியே விடுகிறது என்று பத்மா கண்டுபிடித்தாள். நீலத்துக்கு மட்டும் இன்னொரு விளக்கைத் துணைக்குப் போட்டோம். அடுத்த தடவை ரோஸ் மில்க் வந்தது. எத்தனை திருகினாலும் ரோஸ் மில்க். நான் பேப்பரைச் சந்தேகப்பட்டேன், பல்பைச் சந்தேகப்பட்டேன், மின்சார வாரியத்தைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என் கண்ணைச் சந்தேகப்பட்டு ஒரு டாக்டரிடம் போய் எழுத்து வரிசையெல்லாம் ஒப்பித்துவிட்டு வந்தேன். கண் நன்றாக இருந்தது. அதுவே பெரிய ஏமாற்றம்.

குற்றவாளி சுவர். மணமகள் அறை இல்லையா, நாலு பக்கமும் ரோஸ் கலர் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பலகையில் பட்ட வெளிச்சம் சுவரில் மோதி, ரோஜாவைப் பூசிக்கொண்டு திரும்பிப் பலகைக்கே வந்தது. நாங்கள் அந்தச் சுவர்களுக்கு நடுவில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம், அவற்றைப் பார்க்கவே இல்லை. ஒரே வழிதான். சுவர் முழுக்கக் கறுப்பு அடிக்க வேண்டும்.

கிருஷ்ணவேணி அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஆபீஸ் சூப்பரிண்டண்ட். சாவி, பேனா, பினாயில் எல்லாம் அவர் கையில். உறையூரிலிருந்து வருவார், வரும்போது அம்மன் கோயில் குங்குமம் ஒரு சின்ன டப்பாவில் கூடவே வரும். புது மின்விசிறி, புது டைப்ரைட்டர், புது பீரோ எது மண்டபத்துக்குள் நுழைந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகுதான் வேலையில் சேர முடியும். எனக்கு மட்டும்தான் வைக்கவில்லை, அதனால்தான் நான் சரியாக ஓடவில்லை என்று பத்மா சொல்வாள். பெயிண்டர் கறுப்பு டப்பாவைத் திறந்ததும் கிருஷ்ணவேணி அம்மா வாசலில் வந்து நின்றார்.

"பொண்ணு ரூமுக்கு யாராவது கறுப்பு அடிப்பாங்களா சார்? எத்தனை பொண்ணுங்க அலங்காரம் பண்ணிக்கிட்டுத் தாலி கட்டிக்கப் போன ரூமு."

"கல்யாணமாகாத பொண்ணு இப்ப இங்க நான் ஒருத்திதான் வேணி அக்கா. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை" என்றாள் பத்மா.

கிருஷ்ணவேணி அம்மா சிரிக்கவில்லை. இந்தக் கறுப்புக்கு ஏதாவது பரிகாரம் பண்ணாமல் விட முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் கறுப்பு காய்ந்ததும் வெள்ளை வந்துவிட்டது. வெள்ளை என்றால், சலவைக்கு உதாரணம் காட்டலாம். எனக்கு ஒரு வாரம் விக்கலே வரவில்லை.

அந்தப் பலகையை நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். உப்புத்தாள் தேய்த்து, பளபளக்காத வெள்ளை பூசி, கல்யாணப் பத்திரிகை மாதிரி வைத்திருந்தேன். பிள்ளைகள் ரெகுலேட்டரைத் தொடலாம். பலகையைத் தொடக் கூடாது. முன்னால் கயிறு கட்டினேன். தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கூடத்தில் தொடாதே என்று கயிறு கட்டிய முதல் ஆள் நான்தான்.

திறப்பு விழாவன்று காலை சலவைச் சட்டையோடு போனேன். வாசலில் வாழை மரம், உள்ளே பொங்கலும் கேசரியும் வேகிற வாசனை, மண்டபத்துக்குத் தன் பழைய வாழ்க்கை திரும்பிவிட்டது போலிருந்தது. மணமகள் அறைக் கதவைத் திறந்தேன்.

பலகையின் நாலு மூலையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். நட்ட நடுவில், வெள்ளை வர வேண்டிய அதே இடத்தில், கல்யாணப் பெண்ணின் நெற்றிக்கு வைக்கிற மாதிரி வட்டமாக ஒரு பெரிய பொட்டு.

பரிகாரம்.

கயிற்றைத் தாண்டிக் குதித்துக் கைக்குட்டையால் நடுப் பொட்டைத் துடைத்தேன். ஈரச் சந்தனம் வழுக்கிற்று, குங்குமம் அதோடு சேர்ந்து மேல்நோக்கி ஒரு கோடாக இழுத்துக்கொண்டு போயிற்று. இன்னொரு தடவை துடைத்தேன். கோடு நீண்டது. மூன்றாவது தடவை என் சட்டையிலும் ஒன்று ஏறிக்கொண்டது. விக்கல் வந்தது. பின்னால் பத்மா வந்து நின்று பலகையைப் பார்த்தாள்.

"பொட்டா இருந்ததை நாமமா ஆக்கி எங்க ஊர்ப் பக்கம் சேர்த்துட்டேள்" என்றாள்.

தலைவரின் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் இன்னொரு பலகை கொண்டுவரலாமா, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாமா, நேரே ஜங்ஷனுக்குப் போய் முதலில் கிளம்புகிற ரயிலில் ஏறலாமா என்று மூன்று யோசனைகள் ஒரே இடத்தில் விழுந்தன. பத்மா என் கையிலிருந்து கைக்குட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். கை வைக்க வைக்க மோசமாகும், விட்டுவிடுங்கள் என்றாள்.

குத்துவிளக்கு ஏற்றிவிட்டுத் தலைவரும் அவர் மனைவியும் உள்ளே வந்தார்கள். கூடவே கிருஷ்ணவேணி அம்மா, தன் கைவேலையை நான் கெடுத்திருப்பதைப் பார்த்து முறைத்தபடி. தலைவரின் மனைவி பலகையைப் பார்த்து, இதென்ன இழுவி வைத்திருக்கிறது என்று கேட்டார். நான் விக்கினேன். பத்மா கதவைச் சாத்தினாள். இருட்டில் தலைவரின் கை சிவப்பு ரெகுலேட்டரைத் திருகிய சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

 பிறகு தலைவரின் மனைவி கேட்டார்: "இங்க ஒரு கறை இருந்துச்சே, எங்க?"

கண்ணைத் திறந்தேன். பலகை முழுக்கச் சிவப்பு. பொட்டும் இல்லை, கோடும் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். அதுவும் சுத்தம்.

"ஏங்க, உங்க நெத்தியிலயும் குங்குமத்தைக் காணோம்" என்றார் அவர் மனைவி.

தலைவர் சமயபுரத்தாளின் பக்தர், குங்குமம் இல்லாமல் வாசல்படி தாண்டாதவர். நெற்றியைத் தொட்டார். விரலைப் பார்த்தார். விரலிலும் ஒன்றும் இல்லை. மறுபடி தொட்டார். அவர் முகத்தில் நான் வழக்கமாக என் முகத்தில் பார்க்கிற பதற்றம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அறையில் என்னைவிடப் பதறுகிற ஆள் ஒருவர் இருந்தார்.

"சிவப்பை அணைச்சுட்டுப் பச்சையைத் திருகுங்கோ சார்" என்றாள் பத்மா, காப்பிக்குச் சர்க்கரை போடச் சொல்கிற குரலில்.

திருகினார். நாலு மூலையிலும் பொட்டுகள், நடுவில் நாமம், எல்லாம் கன்னங்கரேல் என்று எழுந்து வந்தன. தலைவரின் நெற்றியிலும் ஒன்று, விரல் நுனியிலும் ஒன்று. கதவோரம் நின்றிருந்த கிருஷ்ணவேணி அம்மா, "அப்பாடா, இருக்கு" என்று மூச்சு விட்டார்.

குங்குமத்துக்குத் திருப்பித் தரத் தெரிந்தது சிவப்பு ஒன்றுதான் என்று பத்மா விளக்கினாள். சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைப் பலகையும் சிவப்பைத்தான் திருப்பித் தருகிறது, குங்குமமும் அதையேதான் தருகிறது, அதனால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. பச்சை வெளிச்சத்தில் பலகை பச்சையைத் தருகிறது, குங்குமத்திடம் தருவதற்கு ஒன்றுமில்லை, அதனால் கறுப்பு. தலைவர் காதில் இது விழுந்ததா என்று தெரியாது. அவர் என் கயிற்றைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, சிவப்பில் பொட்டு இருந்த இடத்தை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தார். பிறகு பச்சை. பிறகு சிவப்பு. வெளியே பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது.

"யாரோட ஐடியா தம்பி இது?" என்றார் கடைசியில்.

நான் வாயைத் திறந்தேன். விக்கல் முந்திக்கொண்டது. அந்த இடைவெளியில் பத்மா கிருஷ்ணவேணி அம்மாவைக் காட்டிவிட்டாள்.

"கறுப்பு அடிச்ச ரூமாச்சே, ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னு வெச்சேங்க" என்றார் அவர்.

தலைவர் ஒவ்வொரு விருந்தினராகக் கையைப் பிடித்து அழைத்துவந்து தானே காட்டினார். சாயந்திரத்துக்குள் பொட்டு வைக்கச் சொன்னதே அவர்தான் என்று ஆகியிருந்தது. டைனோசரை வெளியே செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார். பகல் வெளிச்சத்தில் அதன் சிவப்புக் கண் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பாவமாக இருந்தது. சத்தியமாகக் கொஞ்சம்தான்.

வெள்ளையை யாரும் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பத்மா கதவைச் சாத்திவிட்டு எல்லா ரெகுலேட்டரையும் முழுசாகத் திருகினாள். பேப்பர் சூடேறுகிற வாசனை வந்தது. பலகையில் வெள்ளை வந்தது. நடுவில் நாமம் தன் சிவப்போடு திரும்பி வந்திருந்தது. என் சட்டைக் கறையும்தான்.

"வந்துடுத்து சார்" என்றாள்.

ஆமாம் என்றேன். அந்த நிமிஷத்துக்காக ஒரு சின்னப் பிரசங்கம் தயார் பண்ணி வைத்திருந்தேன். கேட்க ஆளில்லை. நாங்கள் இரண்டு பேரும் கேசரி தீர்ந்துபோகும் வரைக்கும் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பலகைக்குப் புதுப் பொட்டு வைப்பது கிருஷ்ணவேணி அம்மாவின் அலுவலகக் கடமை ஆகிவிட்டது. நான் மறுபடி கயிறு கட்டவில்லை. பிள்ளைகள் சிவப்பில் பொட்டைத் தேடித் தடவுவார்கள், வெளியே வந்து விரலைப் பார்த்துக் கூச்சல் போடுவார்கள், அப்புறம் அதை எங்கேயாவது துடைக்க வேண்டுமே, நெற்றிதான் பக்கத்தில் இருந்தது. ஒரு கான்வென்ட்டிலிருந்து மதர் போன் பண்ணி, எங்கள் பிள்ளைகள் எல்லாம் குங்குமத்தோடு வந்திருக்கிறார்கள், உங்கள் அறிவியல் கூடத்தில் என்ன பூஜை நடக்கிறது என்று கேட்டார். பத்மா போய் விளக்கினாள். அடுத்த வாரம் மதரே வந்தார், சிவப்பில் விரலால் தேடினார், சிரித்துக்கொண்டே போனார். அதன் பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறினோம். அதைப் பிள்ளைகள் உரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். திருச்சியில் எத்தனை ஜாமெட்ரி பாக்ஸ் மூடிக்குள் எங்கள் காட்சிப்பொருள் ஒட்டிக்கொண்டிருந்ததோ.

பத்மா கல்யாணமாகி வெளியூர் போனாள். கிருஷ்ணவேணி அம்மா ஓய்வு பெற்றார். தலைவர் காலமான பிறகு அறக்கட்டளையை ஏற்றுக்கொண்ட அவர் பிள்ளைகளுக்கு மண்டபத்தை வைத்திருக்க மனமில்லை, விற்றுவிட்டார்கள். உறையூர்க் கடையில் கலர் பேப்பர் கேட்டால் இப்போது எல்.ஈ.டி. ரிமோட்டைக் காட்டுகிறார்கள்.

போன வருஷம் தோள்பட்டை வலிக்கு ஸ்கேன் எடுக்கத் தில்லை நகர் போனேன். விலாசம் கண்டுபிடித்து உள்ளே நுழைந்த பிறகுதான் அது எங்கள் பழைய மண்டபம் என்று உறைத்தது. தரையெல்லாம் டைல்ஸ், கண்ணாடிக் கதவு, சாம்பார் வாசனையும் போய்விட்டது. உள்ளே கூப்பிட்ட அறை எனக்கு நன்றாகத் தெரிந்த மூலையில் இருந்தது. விளக்கை அணைத்ததும் பழைய இருட்டுதான். சுவர் எந்த நிறம் என்று தெரியவில்லை. கையை நீட்டினேன். "அசையாதீங்க சார், எதையும் தொடக் கூடாது" என்றது ஒரு பெண் குரல். அந்தப் பெண்ணுக்கு எங்கள் கூடம் இருந்த காலத்தில் ஸ்கூல் போகிற வயதுகூட ஆகியிருக்காது.

வெளியே பெஞ்சில் ஆட்கள் கவர்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் கவரையும் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த அறையிலிருந்து இப்போது எல்லோரும் கறுப்பு வெள்ளைப் படம்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.